டர்பன் – மரிட்ஸ்பர்க்: ரயிலைக் கேட்பதா, பேருந்தைக் கேட்பதா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை நிர்வகிக்கும் ஈத்தெக்வினி மாநகராட்சியும், மரிட்ஸ்பர்க் என்று நாம் சுருக்கிச் சொல்லும் பீட்டர்மரிட்ஸ்பர்க்கை நிர்வகிக்கும் உம்சுண்டூசி நகராட்சியும் தங்கள் வளர்ச்சித் திட்டங்களுக்காக ஆண்டுதோறும் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கின்றன. அந்தக் கூட்டங்கள் நெருங்கும்போதெல்லாம் கோயில் குழுக்களிலிருந்தும், குடியிருப்போர் சங்கங்களிலிருந்தும், மரிட்ஸ்பர்க்கில் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கும் பெற்றோரிடமிருந்தும் எனக்கு ஒரே கேள்வி வருகிறது. இரு நகரங்களுக்கும் இடையே ஒழுங்கான பொதுப் போக்குவரத்து வேண்டும் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்; மனுவில் எதை எழுதுவது என்பதில்தான் தடுமாற்றம். பழைய ரயில் தடத்தை மீட்டுத் தரச் சொல்வதா, விரைவுப் பேருந்து கேட்பதா, இருக்கிற மினிபஸ் டாக்சிகளை ஒழுங்குபடுத்தச் சொல்வதா, கௌட்டெங் மாகாணத்தில் ஓடும் கௌட்ரெயின் என்ற விரைவு ரயிலைப் போல ஒன்றை இங்கும் கட்டச் சொல்வதா? நான்கையும் வரிசையாக எழுதிக் கொடுத்தால் அதிகாரிகள் நான்கையும் குறித்துக்கொண்டு ஒன்றையும் செய்யாமல் விட வசதியாகிவிடும் என்பதால், எது முதலில் என்று நாமே தீர்மானித்துக்கொண்டு போவது நல்லது.

## யாருக்காகக் கேட்கிறோம்

என்3 நெடுஞ்சாலையில் டர்பனுக்கும் பீட்டர்மரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 80 கிலோமீட்டர். துறைமுகமும் பெருந்தொழிலும் கீழே டர்பனில். மாகாணச் சட்டமன்றமும் அரசுத் துறைகளின் தலைமை அலுவலகங்களும் மேலே மரிட்ஸ்பர்க்கில். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு ஊர்களிலும் வளாகங்கள் உண்டு. மரிட்ஸ்பர்க்கின் கிரேஸ் மருத்துவமனையில் வைத்தியம் பார்ப்பவரைச் சில சமயம் டர்பனில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுத்தூலி மத்திய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். இவற்றோடு நம் குடும்பங்களின் போக்குவரத்தும் சேர்கிறது: டர்பனின் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இருப்பவர்களுக்கு மரிட்ஸ்பர்க்கின் நார்த்டேலிலும் ரெய்ஸ்தோர்ப்பிலும் உறவுகள், புனித வெள்ளியன்று மரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயில் தீமிதிக்கு டர்பனிலிருந்து கிளம்பும் கூட்டம்.

ஆகவே இந்த வழித்தடத்தில் நாள்தோறும் வேலைக்குப் போகிறவர், வார இறுதியில் வீடு திரும்பும் மாணவர், மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குப் போகும் முதியவர், விழாக்காலக் கூட்டம் என்று நான்கு வகைப் பயணிகள் இருக்கிறார்கள். ஒருவருக்குப் பொருந்துவது மற்றவருக்குப் பொருந்துவதில்லை. முதல் இரு வகையினரின் குரல் மட்டுமே கூட்டங்களில் ஓங்கி ஒலிக்கிறது என்பதால், மூன்றாமவரை மனத்தில் வைத்துக்கொண்டே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

## எதைக்கொண்டு அளப்பது

வேகத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். சாலையில் நெரிசல் இல்லாதபோது ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய தூரத்தில் 10 நிமிடம் குறைவதால் பெரிதாக எதுவும் மாறாது. வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் வாசல் வரை ஆகும் மொத்த நேரமும், அந்த நேரத்தை முன்கூட்டியே நம்ப முடியுமா என்பதும்தான் முதல் அளவுகோல். 9 மணிக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டியவர் 5 மணிக்கே கிளம்புவதற்குத் தூரம் காரணமில்லை. எப்போது போய்ச் சேர்வோம் என்பது தெரியாததே காரணம்.

இரண்டாவது, இரு முனைகளிலும் மிஞ்சும் சிறு பயணம். மரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் இறங்குபவர் நார்த்டேலுக்கு நடந்து போக முடியாது. டர்பனின் வார்விக் சந்திப்பில் இறங்குபவர் சாட்ஸ்வர்த்துக்கு இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். மூன்றாவது, பயணி கொடுக்கும் கட்டணம், அதற்கு மேல் அரசு கொடுக்கும் மானியம் ஆகிய இரண்டும். நான்காவது, கேட்ட நாளிலிருந்து முதல் வண்டி ஓடும் நாள் வரை ஆகும் காலம். ஐந்தாவது பாதுகாப்பு: சாலை விபத்து, நிலையங்களில் வழிப்பறி, இருட்டில் காத்திருக்கும் பெண்களின் நிலை. வெள்ளம் வந்தாலும் லாரி கவிழ்ந்தாலும் சேவை எவ்வளவு விரைவில் மீளும் என்பதையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது: காலி இருக்கைக்கு யார் பணம் கொடுப்பது? நேரப்படி ஓடும் எந்த வண்டியும் சில நேரங்களில் பாதி காலியாகத்தான் ஓடும். அந்தக் காலி இருக்கையின் செலவை யாராவது ஏற்றால்தான் நேர அட்டவணை என்ற ஒன்று இருக்க முடியும். யாரும் ஏற்கவில்லை என்றால் வண்டி நிறையும் வரை பயணிகள்தான் தங்கள் நேரத்தால் அதை ஈடுகட்டுகிறார்கள். இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு வழியும் என்ன விடை தருகிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## இன்றைய நிலை

ஒரு சனிக்கிழமை மாலை மரிட்ஸ்பர்க்கில் டாக்சிகள் நின்று ஆள் ஏற்றும் ரேங்கில் டர்பன் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தேன். 15 பேர் அமரக்கூடிய குவான்டம் வண்டியில் அப்போது 11 பேர் இருந்தோம். என் பக்கத்தில் ஒரு ஆயா. நார்த்டேலில் பேத்திக்குப் பிறந்த குழந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர், மடியில் துணி போர்த்திய பாத்திரம். “எத்தனை மணிக்கு எடுப்பாங்க தம்பி?” என்று என்னைக் கேட்டார். நான் ஓட்டுநரைக் கேட்டேன். அவர் நான்கு விரல்களைக் காட்டினார்: இன்னும் நான்கு பேர் வர வேண்டும். அந்த நான்கு பேர் வந்து சேர 1 மணி 20 நிமிடம் ஆயிற்று. பிறகு பின் வரிசையிலிருந்து கட்டணப் பணம் ஒவ்வொரு வரிசையாகக் கைமாறி முன்னே போக, முன் இருக்கைக்காரர் எண்ணிச் சில்லறையைத் திருப்பி அனுப்ப, வண்டி கிளம்பியது. டர்பனில் இறங்கியபோது சாட்ஸ்வர்த்துக்கு வண்டி எதுவும் இல்லை. ஆயா தன் மகனுக்குப் போன் செய்துவிட்டு, மூடிய கடை ஒன்றின் வெளிச்சத்தில் நின்றார்.

அந்த ஓட்டுநரை நான் குறை சொல்ல மாட்டேன். பெரும்பாலான மினிபஸ் டாக்சிகளுக்கு ஓட்டச் செலவுக்கான மானியம் கிடையாது. 4 இருக்கை காலியாகப் போனால் அந்த நட்டம் அவர் கையிலிருந்தே போகும். மானியம் இல்லாமலேயே இந்த நாட்டின் பொதுப் போக்குவரத்துப் பயணிகளில் பெரும்பான்மையினரைச் சுமப்பவர்கள் அவர்கள். விடியற்காலையிலும் மாலை வேலை விடும் நேரத்திலும் வண்டி நிமிடங்களில் நிறைந்துவிடுவதால் அப்போது அதைவிட வசதியான சேவை கிடையாது. குறை முழுவதும் மற்ற நேரங்களில்தான் இருக்கிறது. முதியவர்களும் நோயாளிகளும் பயணம் செய்வதும் அந்த நேரங்களில்தான்.

டர்பன் – ஜோகன்னஸ்பர்க் சொகுசுப் பேருந்துகள் மரிட்ஸ்பர்க்கில் நிற்பதுண்டு. அவற்றின் நேரம் நெடுந்தூரப் பயணிகளுக்காக அமைந்தது. ஒருமுறை அப்படி ஒன்றுக்கு முன்பதிவு செய்துவிட்டு, மேலிருந்து வரும் வண்டி தாமதம் என்று இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறேன். சொந்தக் கார் உள்ளவருக்கோ பெட்ரோலும், மரியன்ஹில் சுங்கமும், ஊருக்குள் வண்டி நிறுத்தும் செலவும். ஒருவர் மட்டும் தினமும் போய்வந்தால் அது சம்பளத்தில் பெரும் துண்டைத் தின்றுவிடுகிறது. நான்கு பேர் கூடிப் பகிர்ந்துகொண்டால் இன்றைய நிலையில் அதுவே சிக்கனம், பலரும் செய்வதும் அதைத்தான்.

## வழி 1: இருக்கிற ரயில் தடத்தை மீட்பது

ரயில் மீது நமக்குள்ள பற்று ஆழமானது. டர்பனில் மார்க்கெட் சதுக்கத்திலிருந்து பாயின்ட் வரை தென்னாப்பிரிக்காவின் முதல் ரயில் ஓடியது 1860 ஜூன் 26 அன்று. அதே ஆண்டு நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் வந்து சேர்ந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தவர்களில் பலர் பின்னர் நட்டால் அரசு ரயில்வேயில் வேலை பார்த்தார்கள். டர்பனின் ரயில்வே லைன் வீடுகளில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். 1880-இல் தடம் மரிட்ஸ்பர்க்கைத் தொட்டது. 1893 ஜூன் 7 இரவு காந்தி இறக்கிவிடப்பட்ட அந்தச் செங்கல் கட்டடம் இன்றும் நிற்கிறது. இவ்வளவு வரலாறு உள்ள தடத்தில் பக்கத்து ஊருக்குப் போக ஒரு பகல் வண்டி இல்லையே என்ற வருத்தம் எனக்கும் உண்டு.

ஆனால் தடத்தின் இயல்பைப் பார்க்காமல் முடிவெடுக்க முடியாது. கடல் மட்டத்திலிருந்து கிளம்பி 80 கிலோமீட்டருக்குள் 600 மீட்டருக்கும் மேல் ஏற வேண்டும். இடையில் உம்லாஸ் ரோடு அருகே அதைவிட உயரமான மேட்டைத் தாண்ட வேண்டும். இரு நகரங்களுக்கும் இடையே ஆண்டுதோறும் நடக்கும் காம்ரேட்ஸ் ஓட்டத்தில் ஓடியவர்களின் முழங்காலுக்கு அந்த ஏற்றம் தெரியும். பணம் போதாத காலத்தில் மலையைச் சுற்றிச் சுற்றிப் போட்ட பழைய தடம் பைன்டவுன், ஹில்கிரெஸ்ட் வழியாகப் போனது. அதன் ஒரு பகுதியில் இப்போது சுற்றுலா நீராவி வண்டி மட்டும் ஓடுகிறது. ஏற்றத்தைக் குறைக்க 1921-இல் திறந்த புதிய தடம் சாட்ஸ்வர்த்தின் வடக்கு ஓரத்தை ஒட்டி, மரியன்ஹில், ஹாமர்ஸ்டேல் வழியாகக் கேட்டோ ரிட்ஜை அடைகிறது. ஏற்றம் குறைந்ததே தவிர வளைவுகள் போகவில்லை. தண்டவாள அகலம் 1,067 மில்லிமீட்டர். சாலையைவிடப் பாதையும் நீளம். அரசின் பயணிகள் ரயில் நிறுவனமான பிரசாவின் புதிய நீல வண்டிகள் மணிக்கு 120 கிலோமீட்டர் வரை ஓடக்கூடியவை என்றாலும் இந்த வளைவுகளில் அந்த வேகத்துக்கு வாய்ப்பே இல்லை. வண்டியை மாற்றுவதால் மட்டும் பயண நேரம் குறைந்துவிடாது.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. முதலாவது தடத்தின் பாதுகாப்பு. கொரோனா ஊரடங்குக் காலத்தில் காவல் இல்லாமல் விடப்பட்ட நிலையங்களிலிருந்து செம்புக் கம்பிகளும், கதவு சன்னல்களும், சில இடங்களில் கூரையும்கூடப் பிடுங்கப்பட்டதை நாடே பார்த்தது. மறுபடியும் கம்பி இழுப்பதைவிட அதை ஒவ்வொரு இரவும் காப்பதற்கு ஆகும் செலவுதான் நீடித்தது, அது திட்ட மதிப்பீட்டில் பெரும்பாலும் சிறிய வரியாகவே வருகிறது. இரண்டாவது மழை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்த அந்த நாட்களில், டர்பனுக்கும் கேட்டோ ரிட்ஜுக்கும் இடையிலான தடம் பல இடங்களில் மண்ணோடு போய், சரக்கு வண்டிகளே மீண்டும் ஓட ஏறத்தாழ இரண்டு மாதம் ஆயிற்று. மூன்றாவது, முதன்மைத் தடம் துறைமுகச் சரக்குக்கானது. அதன் பொறுப்பு அரசின் சரக்குப் போக்குவரத்து நிறுவனமான டிரான்ஸ்நெட்டிடம், பயணி வண்டியின் பொறுப்பு பிரசாவிடம் என்று பிரிந்து கிடப்பதால், பயணி வண்டிக்கு வேளை ஒதுக்குவது ஒவ்வொரு முறையும் பேச்சுவார்த்தையாகிறது.

இருந்தும் இந்தத் தடம் வெல்லும் இடம் ஒன்று உண்டு. ஹாமர்ஸ்டேல், மரியன்ஹில், டர்பன் என்ற கீழ்ப்பகுதியில் தினமும் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரே திசையில் போகிறார்கள். ஒரு வண்டியில் ஆயிரம் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய ரயிலுக்கு ஈடான வேறு எதுவும் அங்கே இல்லை. மெட்ரோரெயில் என்ற புறநகர் ரயிலின் சீட்டுதான் எப்போதும் ஏழைத் தொழிலாளியின் கைக்கு எட்டிய சீட்டு. காலி இருக்கைக்கான பணத்தை மத்திய அரசு கொடுக்கிறது என்பதும் ரயிலுக்குச் சாதகம். ஆகவே கேட்டோ ரிட்ஜ் வரையிலான புறநகர்ச் சேவை முழுமையாக மீள வேண்டும் என்று கேட்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. மரிட்ஸ்பர்க் வரை இன்றே நீட்டுவது அதிலிருந்து வேறான கோரிக்கை. இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் முதலாவதும் தள்ளிப்போகும்.

## வழி 2: என்3-இல் நேரப்படி ஓடும் பேருந்து

இதற்குத் தேவையான கணக்கு சிறியது, ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். ஒரு திசைக்கு 1 மணி 15 நிமிடம், முனையில் 15 நிமிட ஓய்வு என்று வைத்தால் ஒரு பேருந்து போய்வர 3 மணி நேரம். மணிக்கு ஒரு பேருந்து வேண்டுமானால் 3 பேருந்து போதும்; பழுதுக்கு மாற்றாக ஒன்று சேர்த்து 4. காலையும் மாலையும் அரை மணிக்கு ஒன்று என்றால் 6 பேருந்தும் ஒரு மாற்றும். காலை 5 முதல் இரவு 9 வரை மணிக்கு ஒன்று ஓடினால் திசைக்கு 17 நடை. ஒரு நாளில் மொத்தம் 2,720 கிலோமீட்டர். ரயிலுக்கு ஒரு பாலத்தைச் சீர்செய்யும் காலத்துக்குள் இதைத் தொடங்கிவிட முடியும்.

ரயிலால் முடியாத இன்னொன்றும் பேருந்தால் முடியும். மரிட்ஸ்பர்க்கில் ஸ்காட்ஸ்வில் வளாகத்தைத் தொட்டு, நகர மையத்துக்குள் போய், சோட்டா மோட்டாலா சாலை வழியாக ரெய்ஸ்தோர்ப், நார்த்டேல் வரை அதே வண்டி போகலாம். டர்பன் பக்கம் வார்விக்குக்கு முன்னால் லுத்தூலி மருத்துவமனை வாசலில் ஒரு நிறுத்தம் வைக்கலாம். கைத்தடியோடு வருபவரை இரண்டு முறை வண்டி மாற வைக்காமல் இருப்பது பயண நேரத்தில் கால் மணி மிச்சப்படுத்துவதைவிடப் பெரிய உதவி.

குறைகள் இல்லாமல் இல்லை. என்3 துறைமுகத்தின் லாரிச் சாலை. கீ ரிட்ஜ் சரிவில் ஒரு லாரியின் பிரேக் விட்டுப்போனால் பேருந்தும் காரும் டாக்சியும் சேர்ந்தேதான் நிற்கும். 2013 செப்டம்பரில் பக்கத்து எம்13 சாலையின் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் கட்டுப்பாடிழந்த லாரி ஒன்று மினிபஸ் டாக்சிகளின் மீது மோதி 24 பேர் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பிறகு அந்தச் சரிவில் கனரக லாரிகளுக்குத் தடை வந்தது. தேசிய நெடுஞ்சாலை நிறுவனமான சான்ரல் என்3-ஐ அகலப்படுத்தும் பணியை மேற்கொண்டிருக்கிறது, கீ ரிட்ஜில் சாலையையே புதிய வழியில் திருப்புகிறது. அது முடிந்தால் நிலைமை தேறும். பணி நடக்கும் ஆண்டுகளில் தாமதத்தைத் தாங்கித்தான் ஆக வேண்டும் என்பதால், அட்டவணையை எழுதும்போதே நெரிசல் நேரத்துக்குத் தனிக் கணக்கு வைக்க வேண்டும். அகலமாகும் சாலையில் நெரிசல் நேரத்தில் பேருந்துக்கும் மினிபஸ்ஸுக்கும் மட்டுமான ஒரு வரிசையைக் கேட்பதற்கும் இதுவே தருணம்; தார் போட்ட பிறகு கேட்டால் கிடைக்காது. கேப்டவுனில் என்2 சாலையில் அப்படி ஒரு வரிசை ஏற்கெனவே இருக்கிறது.

கேப்டவுனையே இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். 2014-இல் காயலிட்ஷாவிலிருந்தும் மிட்செல்ஸ் பிளெயினிலிருந்தும் நகர மையத்துக்கு என்2 விரைவுப் பேருந்து தொடங்கியபோது, அந்தத் தடத்தின் டாக்சி அமைப்புகளும் ஒரு பேருந்து நிறுவனமும் சேர்ந்து அதை நடத்தின. பயணிகள் விரும்பி ஏறினார்கள். ஆனால் கூட்டாளிகளுக்குள் ஒப்பந்தத் தகராறு முற்றி 2019-இல் சேவை நின்றது. திரும்பி வர 2022 ஆயிற்று. பேருந்து, சாலை, பயணி எல்லாம் இருந்தும் ஒரு கையெழுத்து இல்லாததால் மூன்று ஆண்டு போனது. பேருந்துத் திட்டத்தில் மறைந்திருக்கும் பெரிய செலவு டீசல் அன்று, இந்த உடன்பாடுதான். நம் ஊரிலேயே கோ டர்பன் என்ற விரைவுப் பேருந்துத் திட்டத்தில் பிரிட்ஜ் சிட்டி – பைன்டவுன் பேருந்துத் தடத்துக்குக் கான்கிரீட் போட்டு முடித்த பகுதிகள், குறித்த தேதிகள் ஒவ்வொன்றாகத் தவறப் பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்ததைக் காரில் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறோம். அந்தத் தாமதத்துக்குள்ளும் டாக்சித் தொழிலோடான இழுபறி இருந்தது.

## வழி 3: மினிபஸ்களையே ஒப்பந்தத்துக்குள் கொண்டுவருவது

மேலே சொன்ன அனுபவத்திலிருந்தே இந்த வழி பிறக்கிறது. புதிய வண்டி எதுவும் வாங்காமல், இப்போது ஓடும் மினிபஸ்களில் சிலவற்றுக்கு ‘நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் இந்த நேரத்தில் கிளம்ப வேண்டும்’ என்று ஒப்பந்தம் போட்டு, காலி இருக்கைக்கு ஈடு கொடுப்பது. 2009-ஆம் ஆண்டின் தேசியத் தரைவழிப் போக்குவரத்துச் சட்டம், ஏற்கெனவே ஓட்டுபவர்களோடு ஏலமின்றிப் பேசி ஒப்பந்தம் செய்ய வழி விடுகிறது. மிகக் குறைந்த செலவில், மிக விரைவில் தொடங்கக்கூடியது இதுதான். பயணி குறைந்த நண்பகலுக்கும் இரவுக்கும் 60 பேர் பேருந்தைவிட 15 பேர் வண்டி பொருத்தமானதும்கூட.

யார் எப்போது கிளம்பினார்கள் என்று கண்காணிக்காவிட்டால் ஈட்டுத்தொகை வீணாகும். ஒப்பந்தம் கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் ரேங்கில் சண்டை மூளலாம், இந்த மாகாணத்தில் அது சின்ன விஷயம் இல்லை. சக்கர நாற்காலியில் வருபவருக்கு இந்த வண்டிகளில் இடமே இல்லை. மாதச் சீட்டு, மாணவர் சலுகை போன்றவற்றை ரொக்கம் கைமாறும் வண்டியில் நடைமுறைப்படுத்துவதும் கடினம்.

## வழி 4: புதிய விரைவு ரயில்

கௌட்ரெயினில் ஒருமுறை போய் வந்தவர் எவரும் இதைக் கேட்காமல் இருக்க மாட்டார். 80 கிலோமீட்டர் தடம், 10 நிலையங்கள், மணிக்கு 160 கிலோமீட்டர். 2010-இல் விமான நிலையப் பகுதியும் 2011-இல் பிரிட்டோரியாவும் திறந்தன. நம் இரு ஊர்களுக்கு இடையிலான தூரமும் அதே 80 என்பதால் ஒப்பிடத் தோன்றுவது இயல்பு. ஆனால் அது ஜோகன்னஸ்பர்க், சான்டன், பிரிட்டோரியா, பெரிய விமான நிலையம் ஆகிய நான்கையும் கோக்கும் தடம். நமக்கோ இரண்டே ஊர்கள்; ஏறவும் இறங்கவும் இங்கேயும் சுரங்கமும் பாலமும் வேண்டும். 1,435 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம் என்பதால் பழைய தடத்தையும் நிலையத்தையும் பயன்படுத்த முடியாது. நிலம் எடுக்க வேண்டும், குடும்பங்களைப் பெயர்க்க வேண்டும். நிறவெறி ஆட்சியின் குடியிருப்புப் பகுதிச் சட்டத்தால் ஒருமுறை பெயர்க்கப்பட்ட நம் மக்களுக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

கௌட்ரெயினுக்குக் கட்டுமானச் செலவு 2,500 கோடி ராண்டைத் தாண்டியது. அதற்குப் பிறகும், சீட்டு வருமானம் ஒப்பந்தத்தில் குறித்த அளவுக்குக் கீழே போனால் வித்தியாசத்தை மாகாண அரசே ஈடுகட்ட வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. காலி இருக்கைக்கான விடை அங்கேயும் பொதுப்பணம்தான், தொகை மட்டும் பல மடங்கு. டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் வரை ஒரு விரைவுத் தடம் என்றாவது வந்தால், அதில் மரிட்ஸ்பர்க் ஒரு நிலையமாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தலாம். இரு ஊர்களுக்காக மட்டும் இதைக் கேட்பதை நான் ஆதரிக்கவில்லை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பழைய தடத்தில் ரயில் | என்3 பேருந்து | ஒப்பந்த மினிபஸ் | புதிய விரைவு ரயில் |
|---|---|---|---|---|
| நேர நம்பகம் | தடம் காக்கப்பட்டால் நன்று | நெரிசலைப் பொறுத்தது | கண்காணிப்பைப் பொறுத்தது | மிக நன்று |
| வாசல் வரை சேர்தல் | இரு முனையிலும் மாற வேண்டும் | பெரும்பாலும் ஒரே வண்டி | ஓரளவு | மாற வேண்டும் |
| பயணியின் கட்டணம் | மிகக் குறைவு | நடுத்தரம் | இன்றைய அளவு | உயர்வு |
| தொடங்க ஆகும் காலம் | கேட்டோ ரிட்ஜ் வரை சில ஆண்டு, மேலே அதற்கும் அதிகம் | பேச்சு முடிந்தால் ஓராண்டுக்குள் | சில மாதம் | பத்தாண்டுக்கும் மேல் |
| மறைசெலவு | காவல், வெள்ளச் சேதம் | டாக்சித் தொழிலோடு உடன்பாடு | கண்காணிப்பு | வருமான ஈடு, நிலம் |
| வெள்ளம், விபத்துக்குப் பின் மீள்வது | மெதுவாக | வேறு சாலையில் திருப்பலாம் | வேறு சாலையில் திருப்பலாம் | மெதுவாக |

காலங்களைப் பற்றிய வரிசை என் மதிப்பீடு.

## யார் எதைக் கேட்கலாம்

உங்கள் சங்கம் ஷால்கிராஸ், மரியன்ஹில் பக்கத்தில் இருந்து, உறுப்பினர்கள் தினமும் டர்பனுக்குள் வேலைக்குப் போகிறவர்கள் என்றால், ரயிலை முதலில் எழுதுங்கள். அதிலும் வண்டியைக் கேட்பதற்கு முன்னால் நிலைய விளக்கையும் இரவுக் காவலையும் கேளுங்கள். அவை இல்லாத நிலையத்தில் எவ்வளவு புதிய வண்டி நின்றாலும் வீட்டுப் பெண்கள் ஏறப்போவதில்லை. பயணிகள் பெரும்பாலும் மாணவர்களாக இருக்கும் இடத்தில், வெள்ளி பிற்பகலுக்கும் ஞாயிறு மாலைக்கும் சில நடை ஒப்பந்த மினிபஸ் இருந்தாலே பெரும்பாலான தொல்லை தீரும். அதற்கு யாரும் பெரிய திட்டம் தீட்ட வேண்டியதில்லை.

நார்த்டேல், ரெய்ஸ்தோர்ப், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் சங்கங்களுக்கு என் பரிந்துரை பேருந்துதான். டாக்சி உரிமையாளர்களைப் பங்குதாரர்களாக வைத்துக்கொண்ட பேருந்து. ஜோகன்னஸ்பர்க்கில் 2009-இல் ரியா வாயா பேருந்து தொடங்கியபோது, அந்தத் தடத்தில் ஓடிக்கொண்டிருந்த டாக்சி உரிமையாளர்கள் பிறகு பேருந்து நிறுவனத்திலேயே பங்கு பெற்றார்கள். சண்டையும் இழுபறியும் இருந்தன, ஆனாலும் முடிந்தது. இங்கேயும் பகல் முழுவதும் மணிக்கொரு பேருந்து, அதிகாலைக்கும் இரவுக்கும் ஒப்பந்த மினிபஸ் என்று இரண்டு வழிகளையும் ஒரே அட்டவணையில், ஒரே சீட்டில் இணைத்தால், டாக்சிக்காரர் தொழிலை இழக்காமல் பயணிக்கு நேரம் கிடைக்கும். ஒரு காலத்தில் டர்பனில் நம் குடும்பங்கள் சொந்தமாகப் பேருந்து ஓட்டியவை. பெர்மிட்டுக்காக அலைந்த கதைகள் பல வீடுகளில் இன்னும் சொல்லப்படுகின்றன. இருக்கிற தொழிலாளியை ஒதுக்கிவிட்டு வரும் சேவை எப்படி நோகடிக்கும் என்பது நமக்கு வெளியிலிருந்து யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மனுவில் எண்களை எழுதுங்கள். ‘மேம்பட்ட போக்குவரத்து வேண்டும்’ என்ற வாக்கியத்துக்குப் பதிலாக, 4 பேருந்து, திசைக்கு 17 நடை, லுத்தூலி மருத்துவமனை, வார்விக், ஸ்காட்ஸ்வில், நார்த்டேல் நிறுத்தங்கள், முதியோருக்குச் சலுகைச் சீட்டு, காலி இருக்கைக்கான மானியத்தை எந்த நகராட்சி எவ்வளவு பங்கு ஏற்கும் என்ற கேள்வி ஆகியவற்றை வரிசையாகக் குறிப்பிடுங்கள். பயணம் நகராட்சி எல்லையைத் தாண்டுவதால் மாகாணப் போக்குவரத்துத் துறைக்கும் ஒரு படி போக வேண்டும். ஒன்றிடம் மட்டும் கொடுத்தால் மற்றது தன் பொறுப்பில்லை என்று சொல்லிவிடும். சான்ரலுக்குத் தனிக் கடிதம், பேருந்து வரிசை பற்றி மட்டும்.

டர்பனுக்கு வந்து சேரும் கடைசி வண்டியின் நேரத்தையும், அதிலிருந்து இறங்குபவருக்குச் சாட்ஸ்வர்த்துக்கும் ஃபீனிக்ஸுக்கும் காத்திருக்க வேண்டிய இணைப்பு வண்டியின் நேரத்தையும் மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். மரிட்ஸ்பர்க்கிலிருந்து இரவு 9 மணிக்குக் கிளம்பும் வண்டி 10:15-க்கு வந்தால், 10:30-க்கு வார்விக்கிலிருந்து அந்த இரண்டும் கிளம்ப வேண்டும்.